வேலாயுதத்தின் வலது காது

காமுவின் ஸ்டூடியோவை ஸ்டூடியோ என்று சொல்ல டாக்குரியாவில் ஆளே கிடையாது. அது கார் ஷெட். வீட்டுக்கார கோஷ் பாபு தன்னுடைய பழைய காரை விற்றுத் தொலைத்த பிறகு, சும்மா கிடக்கிற இடம்தானே என்று அவளுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். தரையில் எண்ணெய்க் கறை இன்னும் போகவில்லை. லோக்கல் ரயில் போகும்போதெல்லாம் தகரக் கூரை ஒரு தரம் உடம்பை உதறிக்கொள்ளும். ஆனால் உள்ளே வருகிறவர்கள் செருப்பை வெளியே விட வேண்டும், கேட்காமல் எதையும் தொடக்கூடாது, சிகரெட் கூடவே கூடாது. ஒருநாள் கோஷ் பாபுவே புகைத்துக்கொண்டு உள்ளே வந்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வெளியே போனார். குடியிருப்பவள் வீட்டுக்காரரை விரட்டுகிற அதிசயம் தெற்குக் கல்கத்தாவில் அந்த ஒரு ஷெட்டில்தான் நடந்தது.

காமுவுக்கு அப்போது முப்பத்தேழு வயது. லேக் மார்க்கெட் பக்கம் பிறந்து, வீட்டுக்குள் தமிழும் தெருவில் வங்காளியுமாக வளர்ந்து, கலைக் கல்லூரியில் சிற்பம் படித்தவள். கோபம் மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும். கணவர் மஹாதேவன் வங்கியில் அதிகாரி. உங்கள் மனைவி களிமண் பிசைகிறாராமே என்று ஆபீசில் யாராவது கேட்டால், ஆமாம் சார், நீங்கள் ஃபைல் பிசைகிற மாதிரிதான் என்று பதில் சொல்லுகிற மனுஷர். இந்த ஜோடி எப்படிப் பொருந்தியது என்று யாரும் கேட்க வேண்டாம், பொருந்தியது, அவ்வளவுதான்.

ஷெட்டுக்குள் சுவரோரம் ஒரு நீளப் பலகை இருந்தது. அதன் மேல் வரிசையாகப் பதினோரு பிள்ளையார், ஒவ்வொன்றும் கட்டைவிரல் உயரம். காமு எந்தச் சிலையைத் தொடங்கினாலும் முதலில் அந்த மண்ணிலேயே ஒரு பிள்ளையார் பிடிப்பாள். இரண்டு நாள் காயவிட்டு, கரி அடுப்புத் தணலில் சுட்டு எடுப்பாள். சிலையைத் தாங்குகிற நடுக்கம்பியில் வைக்கோலைச் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டும்போது, தலை வருகிற இடத்தில் அவரை உள்ளே செருகிவிடுவாள். அதற்குப் பிறகுதான் மண் ஏறும். சிலை முடிந்து, அதன் மேல் பிளாஸ்டர் அச்சு எடுத்து, அச்சுக்குள் இருக்கிற களிமண்ணைத் தோண்டி எறியும்போது, பிள்ளையார் முழுசாக வெளியே வருவார். அலம்பித் துடைத்துப் பலகையில் வைப்பாள். பதினோரு பிள்ளையார் என்றால் பதினோரு சிலை. அவள் படித்துப் பட்டம் வாங்கிய காகிதம் எந்தப் பெட்டிக்குள் கிடக்கிறது என்று அவளுக்கே தெரியாது. அந்தப் பலகையை மட்டும் தானே தினமும் துடைப்பாள்.

ஆனால் அந்தப் பதினொன்றில் ஒன்றாவது தெருவில் நிற்கிறதா என்றால், இல்லை. ஒன்று ஒரு டாக்டர் வீட்டு வரவேற்பறையில். ஒன்று ஏதோ கண்காட்சியில் பரிசு வாங்கி, ஒரு அலுவலக மாடிப்படிக்குக் கீழே. போகிறவர் வருகிறவர் தினமும் பார்க்கும்படி, வெயிலும் மழையும் படும்படி, தன் கையால் ஒன்று நிற்க வேண்டும் என்று காமு பத்து வருஷமாக ஏங்கிக்கொண்டிருந்தாள். வெளியே சொன்னதில்லை. சொல்லுவதற்கு அவளுடைய கௌரவம் இடம் கொடுக்காது.

எண்பதாம் வருஷம் ஜனவரியில் அந்த வாய்ப்பு வந்தது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு இரும்பு அடிக்கும் தொழிற்சாலை. அங்கே தொழிலாளர் சங்கம் தனக்கென்று ஒரு கட்டடம் கட்டிக்கொண்டிருந்தது. மே முதல் தேதி திறப்பு விழா. வாசலில், தெருவைப் பார்த்தபடி, சங்கத்தை உண்டாக்கிய வேலாயுதத்தின் மார்பளவுச் சிலை. வேலாயுதம் போன வருஷம்தான் காலமாகியிருந்தார். ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து கறுப்புச் சட்டையோடு வந்து, கல்கத்தாவில் சிவப்புக் கொடி பிடித்தவர். கோயில் படி ஏறினதில்லை. துர்கா பூஜைக்குச் சந்தா கேட்டு வருகிற பையன்களை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுப்பார், சந்தா மட்டும் பைசா பெயராது.

சங்கக் குழுவில் ஏழு பேர். ஆறு பேருக்கு, தலைவர்களின் தலையை டஜன் கணக்கில் வார்த்துக் கொடுக்கிற ஒரு கடைக்காரர் மேல்தான் கண். செயலாளர் மருதமுத்து ஒருவர்தான் காமுவுக்காக வாதாடினார். அதே தொழிற்சாலையில் ஃபிட்டர், ஐம்பது வயது, வேலாயுதத்தின் நிழலாகவே இருபது வருஷம் இருந்தவர். காமு செய்த ஒரு மீன்காரி சிலையைக் கண்காட்சியில் பார்த்துவிட்டு, அது என்னிடம் விலை சொன்ன மாதிரி இருந்தது என்று குழுவில் சொன்னாராம். கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்கள். பிப்ரவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் குழு ஸ்டூடியோவுக்கு வரும். தொடக்கம் திருப்தியாக இல்லையென்றால் வேலை கடைக்காரருக்குப் போகும்.

காமு வேலாயுதத்தை நேரில் பார்த்ததில்லை. அவர் மனைவி லட்சுமியம்மாளைத் தேடிப் போனாள். கிடைத்தது ஒரே ஒரு படம், தொழிற்சாலை அடையாளச் சீட்டுக்காக எடுத்தது. விறைத்த கழுத்து, நேர்ப் பார்வை, பார்த்தால் யாரோ சப்-இன்ஸ்பெக்டர் என்று தோன்றும். லட்சுமியம்மாள் அதைக் கொடுக்கும்போது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "இதுல என்னை நேராப் பாக்குறாரு. அவரு அப்படிப் பாக்கவே மாட்டாரும்மா."

முகம் கொடுத்துப் பேசாத புருஷன் போலிருக்கிறது, பாவம், என்று காமு நினைத்துக்கொண்டாள். நினைத்தது தப்பு. ஆனால் அப்போது அவளுக்கு அது எப்படித் தெரியும்?

குழு வருவதற்கு முந்திய புதன்கிழமை, வேலை எப்படிப் போகிறது என்று பார்க்க மருதமுத்து வந்தார். செருப்பை ஒழுங்காக வெளியே விட்டார். அவர் வங்காளத்துப் பழக்கத்தில் தன்னைவிடச் சின்னவளையும் தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார். காமு அப்போதுதான் தணலிலிருந்து பன்னிரண்டாவது பிள்ளையாரை இடுக்கியால் எடுத்து ஆறவைத்திருந்தாள்.

"இது என்ன தீதி?"

"பிள்ளையார். தலைக்குள்ள வைக்க. நான் எந்த வேலையையும் இப்படித்தான் ஆரம்பிப்பேன்."

"தோழர் தலைக்குள்ளயா?"

அவர் குரலை உயர்த்தவே இல்லை. ஆனால் காமுவுக்குச் சுருக்கென்றது. ஒரு பிடி பிடித்தாள். பதினோரு சிலைக்கும் இப்படித்தான் தொடங்கினேன், எதுவும் கெட்டுப் போகவில்லை. இது என் இடம், என் கை, என் வழக்கம். எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குச் சொல்லிக் கொடுக்க எந்தக் கமிட்டிக்கும் உரிமை கிடையாது. இதையெல்லாம் மூச்சு விடாமல் சொல்லித் தீர்த்தாள். மருதமுத்து கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

"ஸ்டூடியோ உங்களுது தீதி," என்றார். "மண்டை அவரோடது."

செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். கதவை அறைந்து சாத்தியிருந்தாலாவது காமுவுக்கு ஒரு நாள் முழுக்கத் திட்டுவதற்கு வசதியாக இருந்திருக்கும். மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

வியாழக்கிழமை வைக்கோலைக் கட்டினாள், அவிழ்த்தாள். வெள்ளிக்கிழமை இன்னொரு தரம் கட்டினாள், இன்னொரு தரம் அவிழ்த்தாள். பிள்ளையாரை உள்ளே வைத்தால் அந்த மனுஷர் சொன்னது காதில் விழுந்தது. வைக்காமல் விட்டால் கை ஓடவில்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது மஹாதேவன் விஷயத்தைக் கேட்டார். வங்கிக்காரர் மூளை, உடனே ஒரு வழி கண்டுபிடித்தது. அச்சு எடுத்ததும் களிமண் போய்விடுகிறது, பிள்ளையாரும் வெளியே வந்துவிடுகிறார், அந்த அச்சில் வார்த்து வாசலில் நிற்கப் போகிற சிமெண்ட் சிலைக்குள் ஒன்றுமே இருக்காது. இதைச் சொன்னால் மருதமுத்து சமாதானமாகிவிட மாட்டாரா என்றார்.

சரிதான். காமுவுக்கும் அது தெரியும். சண்டையின் நடுவிலேயே அந்தப் பதில் அவள் நாக்கு நுனி வரை வந்தது, வேண்டுமென்றேதான் விழுங்கினாள்.

"அஞ்சு வாரம் அந்த முகத்தை நான் நேருக்கு நேர் பார்த்துண்டு நிக்கணுமே," என்றாள். "உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். அதுக்கும் தெரியும்."

மஹாதேவன் மோரை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார். அவள் சண்டைக்கு நிற்கிறாள் என்றால் பயப்பட வேண்டாம், நியாயம் பேசுகிறாள் என்றால் குறுக்கே போகக் கூடாது என்பது பதினாலு வருஷக் குடித்தனத்தில் அவர் கற்றுக்கொண்டது.

சனிக்கிழமை வீம்புக்குத் தொடங்கினாள். உள்ளே ஒன்றும் வைக்காமல், படத்தைப் பார்த்து, நேராக ஒரு கழுத்து, நேராக ஒரு தலை. சாயங்காலம் நாலடி தள்ளி நின்று பார்த்தாள். சப்-இன்ஸ்பெக்டர் வந்து நின்றிருந்தார். தொப்பி ஒன்றுதான் குறை. மரக்கட்டையை எடுத்து ஒரே போடு போட்டுத் தள்ளினாள். மண்ணைக் கூட்டித் தொட்டியில் போட்டு ஈரச்சாக்கால் மூடினாள். அன்றைக்கு அவளுக்கு அழுகை வந்தது, அதைச் சொல்லாமல் மறைப்பதில் அர்த்தமில்லை. பத்து வருஷமாக ஏங்கின வேலை, தன் கையாலேயே தட்டிப் போகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கே மருதமுத்து வந்துவிட்டார். மன்னிப்புக் கேட்க வரவில்லை, அவர் கேட்க வேண்டியதும் இல்லை. நாலு மணிக்கு ஆறு பேரும் வருகிறார்கள், கடைக்காரரிடம் ஒருவர் ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறார் என்று எச்சரிக்கத்தான் வந்தார். வந்தவர் வெறும் இரும்புக் கம்பி நட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

காமு கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு நீங்க சொன்னதுதான் சரி, அண்ணா."

மஹாதேவன் அங்கே இருந்திருந்தால் நாள்காட்டியில் குறித்துக்கொண்டிருப்பார். அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து யாருக்கும் லேசில் கிடைத்ததில்லை.

"ஆனா உள்ள ஒண்ணும் இல்லாம வெறும் மண்டையா எனக்கு ஆரம்பிக்க வரலை. ஏதாவது இருக்கணும். அவர் தலைக்குள்ள என்ன இருக்கலாமோ, அதை நீங்களே பிடிச்சுக் குடுங்கோ." ஈரச்சாக்கை விலக்கி, எலுமிச்சம்பழ அளவு மண்ணைக் கிள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

இரும்பில் மயிரிழை வித்தியாசத்தைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடுகிற கை அது. களிமண்ணை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தது. மருதமுத்து முக்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் உருட்டினார். கடைசியில் ஒரு சம்மட்டி மாதிரி ஏதோ வந்தது. அதை உற்றுப் பார்த்தவர், சட்டென்று கோபம் வந்து விரலால் நசுக்கிவிட்டார்.

"இது எதுக்கு அவருக்குள்ள? அவரு காதைத் தின்னதே இதுதான."

காமு நிமிர்ந்து பார்த்தாள். "காதையா?"

நீராவிச் சம்மட்டிக்குப் பக்கத்திலேயே இருபது வருஷம் நின்றதில் வேலாயுதத்துக்கு இடது காது சுத்தமாகப் போய்விட்டிருந்தது. ஏன் யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை என்று காமு பொரிந்தாள். மருதமுத்துவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்தை யார் யாரிடம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்? அவர் பெண்டாட்டியும் எல்லாருக்கும் தெரியும் என்றுதானே சொல்லாமல் விட்டிருப்பாள். லட்சுமியம்மாள் படத்தைக் கொடுக்கும்போது சொன்னது காமுவின் நினைவுக்கு வந்தது.

"அப்போ ஒருத்தர் பேசினா எப்படிக் கேட்பார்? எழுந்து நின்னு காட்டுங்கோ."

மருதமுத்து எழுந்து நின்றார். முகத்தை இடது பக்கமாகத் திருப்பினார். மோவாயைக் கொஞ்சம் இறக்கினார். வலது காது முன்னால் வந்தது, கண் தரைக்குப் போயிற்று. கழுத்தில் ஒரு நரம்பு எழுந்து நின்றது.

"எவன் பேசினாலும் இப்படித்தான். முதலாளி திட்டினாலும் இப்படித்தான், எங்காளு திட்டினாலும் இப்படித்தான். முழுசாக் கேட்டு முடிச்சப்புறம்தான் தலையைத் தூக்குவாரு. தூக்கிட்டா அப்புறம் நம்மளால பேச முடியாது."

"அசையாதேள்," என்றாள் காமு.

அவர் முக்கால் மணி நேரம் அப்படியே நின்றார். அவள் கம்பியை அடித்து வளைத்தாள். இரண்டு தரம் தப்பாக வளைந்தது, மூன்றாம் தரம் கழுத்து வந்துவிட்டது. வெறும் கம்பிதான். அதற்கே ஒரு ஆள் நிற்கிற மாதிரி இருந்தது. காமுவின் கை ஓட ஆரம்பித்தது. அவள் வைக்கோலை இறுக்கித் தோள்பட்டையைக் கட்டிக்கொண்டிருக்கையில், மருதமுத்து முக்காலியில் திரும்ப உட்கார்ந்து மீதி மண்ணில் ஒரு காது பிடித்தார். அது காது என்று அவர் சொன்னதால் தெரிந்தது. பார்க்கிறவர்களுக்கு ஓரம் கடித்த மெதுவடை. ஆனால் வலது காதுதான், அதில் அவர் உறுதியாக இருந்தார். மடல் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தன் காதைத் தடவித் தடவிச் சரிபார்த்தார்.

இரண்டு நாள் காயவிட நேரமில்லை. அடுப்பு விளிம்பில் வைத்துப் பத்துப் பதினைந்து தரம் திருப்பிப் போட்டு ஈரத்தை வாட்டி, அப்புறம் தணலில் தள்ளினாள். மூன்று மணிக்கு எடுத்தபோது ஓரத்தில் ஒரு விரிசல். போகட்டும் என்றாள். தலை வருகிற இடத்தில் வைக்கோலை விரலால் விலக்கி, காதை உள்ளே வைத்து, சணலால் கட்டினாள். பன்னிரண்டாவது பிள்ளையார் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். "இந்தத் தடவை நீர் வெளியில இருந்து பாரும்," என்று அவரிடம் சொல்லிவிட்டு முதல் பிடி மண்ணை அப்பினாள்.

நாலு மணிக்குக் குழு வந்தது. தோள் இருந்தது, கழுத்து இருந்தது, சாய்ந்த ஒரு மண் உருண்டை இருந்தது. கண் இல்லை, மூக்கு இல்லை. முகம் எங்கே என்று ஒருவர் வங்காளியில் கேட்டார். இன்னொருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைக்காரரிடம் பேசி வைத்திருந்தவர் தொண்டையைச் செருமினார். காமு வாயைத் திறப்பதற்குள் மருதமுத்து முன்னால் வந்து நின்றார்.

"முகம் பின்னால வரும். ஆளு வந்தாச்சு. நான் பாத்துட்டேன்," என்றார் வங்காளியில். "வரலேன்னா என் பேரைச் சங்கத்திலிருந்து அடிச்சிடுங்க."

கடைக்காரர் பேச்சு அதோடு போயிற்று. மருதமுத்து அப்படியெல்லாம் வாக்குக் கொடுக்கிற ஆள் இல்லை என்று ஆறு பேருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் காமு ஒரு பிடியாக நின்றாள். மின்சாரம் போனால் கதவைத் திறந்து தெரு வெளிச்சத்தில் வேலை செய்தாள். அச்சு எடுத்து மண்ணைத் தோண்டுகிற அன்றைக்கு மருதமுத்து லீவு போட்டுவிட்டு வந்து, தன் கையாலேயே தோண்டினார். விரிசல் விட்ட காது முழுசாக வெளியே வந்தது. அலம்பித் துடைத்து அவரே பலகையில் வைத்தார், ஜன்னலிலிருந்து பலகைக்கு வந்துவிட்டிருந்த பன்னிரண்டாவது பிள்ளையாருக்குப் பக்கத்தில். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "மோசமில்லையே," என்றார். காமு அதைத் தெரியும்படி கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்தாள். அவளிடமிருந்து அது பாராட்டுதான்.

மே முதல் தேதி வெயில் கொளுத்தியது. தெரு அடைத்துக் கூட்டம். சிவப்புத் துணியை விலக்கியதும் கை தட்டினார்கள், கோஷம் போட்டார்கள். கை தட்டுவது பெரிய விஷயம் இல்லை, அந்தக் கடைக்காரர் வார்த்த தலைக்கும் தட்டியிருப்பார்கள். காமு ஓரமாக, புதுப் புடவையில், மஹாதேவன் பக்கத்தில் விறைப்பாக நின்றாள். அவளுக்கு வேண்டியது கைத்தட்டல் இல்லை.

லட்சுமியம்மாளைக் கையைப் பிடித்து அழைத்து வந்து சிலைக்கு நேர் முன்னால் நிறுத்தினார்கள். போட்டோக்காரர் அங்கேயே நிற்கச் சொன்னார். அவள் ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு யாரையும் கேட்காமல், பிடித்திருந்த கையை விடுவித்துக்கொண்டு, சிலையின் வலது பக்கமாகச் சுற்றிப் போனாள். முப்பது வருஷம் போய்ப் போய்ப் பழகின கால். போட்டோக்காரர் அம்மா அம்மா என்று கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவில்லை. அவள் பின்னாலேயே சம்மட்டிப் பட்டறைத் தொழிலாளிகள் நாலைந்து பேர், பேசிவைத்துக்கொண்டதைப் போல, அந்தப் பக்கமே நகர்ந்து வரிசையில் நின்றார்கள். இடது பக்கம் அவ்வளவு பெரிய கூட்டத்தில் காலியாகக் கிடந்தது.

காமுவுக்குத் தலை கனத்தது. கனக்கட்டுமே, அன்றைக்கு அவளுக்கு அது தகும். தன் கையால் செய்தது தெருவில் நிற்கிறது, நிற்பது மட்டுமா, நாலு பேர் பேசுவதைக் கேட்டுக்கொண்டும் இருக்கிறது. கூட்டத்துக்கு நடுவிலிருந்து மருதமுத்து அவளைத் தேடிப் பார்த்தார், தன் வலது காதை ஒரு விரலால் தொட்டுக் காட்டினார். காமு கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே சிரித்தாள்.

லட்சுமியம்மாள் நுனிக்காலில் எழும்பி, சிமெண்ட் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனாள். வீட்டில் பேசுகிற அதே குரல்தான், கொஞ்சம் உரக்க.

"நான்தாங்க. கட்டடம் நல்லா வந்திருக்கு."